தாத்தா கேப்டனா, நாயக்கா? சட்டைக்கையைப் பாருங்கள்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மாமனார் வீட்டுச் சுவரில் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து மாலையோடு தொங்கும் படம் இது. என் கணவரின் தாத்தா. பட்டாளத்தில் கேப்டனாக இருந்தார், முதல் உலகப் போரில் பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டார் என்று கேட்டுத்தான் வீட்டில் எல்லாரும் வளர்ந்திருக்கிறார்கள். அவர் 1971இல் தவறிவிட்டார், விவரம் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. தொப்பியின் ஒரு பக்கம் மடிந்திருக்கிறது. அரைக்கால் சட்டை. கையில் வி எழுத்து மாதிரி இரண்டு பட்டை, அதற்கு மேலே பூனை போல ஒரு படம். சட்டத்தின் பின் அட்டை கிழிந்த இடத்தில் பெங்களூர் ஸ்டுடியோ ஒன்றின் ஊதா முத்திரையும் பென்சிலில் யாரோ போட்ட கணக்கும் தெரிகின்றன. எந்தப் படை, என்ன பதவி, எந்தப் போர் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? என் மகன் பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றிப் பேச வேண்டுமாம்."

சகோதரிக்கு வணக்கம். பையன் என்றைக்குப் பேசப்போகிறான் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர் முதலாவது இல்லை, இரண்டாவது. படம் எடுத்த அன்று அவர் கேப்டன் இல்லை, நாயக். பர்மா என்பது பெரும்பாலும் சரி. எந்தப் படை என்பதை மட்டும் நீங்கள் அனுப்பிய செல்போன் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் விடை உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பழைய பட்டாளப் படம் கையில் கிடைத்ததும் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் மெடலைத் தேடுவார்கள். நான் தொப்பியையும் காலையும் பார்ப்பேன். சீருடை முதலில் சொல்வது வருஷத்தை, அடுத்தது எந்த நாட்டுப் போர்முனை என்பதை, அதற்கடுத்தது பதவியை. எந்தப் படை என்பதைக் கடைசியில்தான் சொல்லும், அதுவும் மனசு வந்தால். ஆளின் பெயரை ஒருபோதும் சொல்லாது, அது காகிதத்தின் வேலை. வீட்டுக்காரர்கள் கேட்பது நேர்மாறான வரிசையில் என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

உங்கள் தாத்தாவின் தொப்பியில் ஒரு பக்க விளிம்பு மேலே மடித்துச் செருகியிருக்கிறது. கூர்க்காக்கள் இதை முன்பிருந்தே போட்டார்கள், ஆனால் இந்திய ராணுவத்தின் மற்றவர்கள் தலையில் இது பரவலாக ஏறியது பர்மாப் போரின்போதுதான், 1943, 1944 வாக்கில். கால்களும் அதையே சொல்கின்றன. முதல் உலகப் போர்க் காலத்து இந்தியச் சிப்பாயின் காலில் துணிப்பட்டை கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றியிருக்கும் (பழைய ஆட்கள் பட்டீஸ் என்பார்கள்), மேல்சட்டையும் பல படைகளில் குர்தா மாதிரி தொடை தாண்டி இறங்கும். உங்கள் படத்தில் இருப்பது பாக்கெட் வைத்த புஷ் சட்டை, அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, கணுக்காலில் மட்டும் குட்டையாக ஒரு சுற்று. இது 1940களின் உடுப்பு. தவிர, பர்மாவில் ஜப்பானோடு சண்டை நடந்ததே 1942க்கும் 1945க்கும் நடுவில்தான், முதல் போரில் ஜப்பான் ஆங்கிலேயர் பக்கம் இருந்தது. முதல் போர், பர்மா இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் ஏதோ ஒன்று வழியில் மாறியிருக்கிறது. பொதுவாகப் போரின் எண்தான் மாறும், ஊரின் பெயர் மாறாது. ஊரைப் பாட்டிமார்கள் மறப்பதில்லை.

சரி, பதவி. சட்டைக்கையில் முழங்கைக்கு மேலே, கூர் கீழ்நோக்கிய வி பட்டைகள். ஒன்று இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். (நாயக் என்பது பதவிப் பெயர். இதை வைத்துக்கொண்டு தாத்தா நாயக்கர் சாதியா என்று ஒரு குடும்பத்தில் பெரிய விவாதமே நடந்தது எனக்குத் தெரியும்.) அதே வி முழங்கைக்குக் கீழே, கூர் மேல்நோக்கி இருந்தால் அது பதவியே இல்லை, இத்தனை வருஷம் நன்றாக வேலை பார்த்தார் என்கிற மாதிரியான அடையாளம். பட்டைக்கு மேலே இருப்பவர்களுக்குத் தோளில் நட்சத்திரம்: ஜமேதாருக்கு ஒன்று, சுபேதாருக்கு இரண்டு, சுபேதார் மேஜருக்கு அந்தக் காலத்தில் கிரீடம். கேப்டனுக்குத் தோளில் மூன்று நட்சத்திரம். அப்புறம் இடுப்பில் தோல் பெல்ட்டும் அதிலிருந்து வலது தோளுக்குக் குறுக்கே ஏறும் வாரும் இருந்தால் அதிகாரியோ சுபேதார் ஜமேதார் வகையோ என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாத்தாவிடம் அந்த வாரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

ஆனாலும் வீட்டில் கேப்டன் என்று சொன்னதைப் பொய் என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு படம் ஒரு நாளைத்தான் காட்டும். 1944இல் நாயக்காக இருந்தவர் போருக்குப் பிறகும் சேவையில் தொடர்ந்திருந்தால் சுபேதார் மேஜர் வரைக்கும் போயிருக்கலாம், அப்படி ஓய்வு பெறுகிறவர்களில் சிலருக்குக் கௌரவ கேப்டன் பட்டம் கொடுப்பார்கள். அப்படியானால் பென்ஷன் புத்தகத்தில் அது இருக்கும். இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் மரியாதைக்குக் கூப்பிட்டதாக இருக்கும், வட ஆற்காடு பக்கம் பட்டாளத்திலிருந்து திரும்பியவரைக் கேப்டனே என்று கூப்பிடுவது ஒன்றும் அதிசயம் இல்லை. பையன் மேடையில் நாயக் என்றே சொல்லட்டும். கையில் உள்ள ஆதாரம் அதுதான்.

இப்போது பூனை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். தோளுக்குக் கீழே தைத்திருக்கும் அந்தத் துணிச் சின்னம் ஒருவர் எந்த ரெஜிமென்ட் என்பதைச் சொல்வதில்லை, எந்த டிவிஷனோடு (பல ரெஜிமென்ட் ஆட்களைச் சேர்த்து அமைத்த பெரிய போர்ப்படை) போர்முனைக்குப் போனார் என்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு டிவிஷனும் ஒரு படம் வைத்திருந்தது: 4வது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு (வட ஆப்பிரிக்கா, இத்தாலி), 5வதுக்குக் கறுப்புச் சதுரத்தில் சிவப்பு வட்டம், 23வதுக்குச் சண்டைச் சேவல், 25வதுக்குச் சீட்டுக்கட்டு ஸ்பேட். பூனை வகையில் இரண்டு உண்டு. முக்கோணம் எதுவும் இல்லாமல் ஒரு கறுப்புப் பூனை மட்டும் நின்றால் 17வது இந்திய டிவிஷன். முக்கோணத்துக்குள்ளிருந்து புலி ஒன்று காலெடுத்து வெளியே வருவதுபோல் இருந்தால் 26வது. இரண்டுமே பர்மாவில் சண்டை போட்டவைதான், ஆனால் கதை வேறு. 26வது அரக்கான் கடற்கரைப் பக்கம். 17வது என்றால் 1942 பிப்ரவரியில் சிட்டாங் ஆற்றுப் பாலத்தைத் தங்கள் ஆட்களில் பெரும்பகுதி அக்கரையில் இருக்கும்போதே வெடிவைத்துத் தகர்க்க வேண்டிவந்த அந்தப் படை, பின்வாங்கி இந்தியாவுக்கு வந்து, 1944இல் இம்பாலில் நின்று, 1945 மார்ச்சில் நடு பர்மாவில் மெய்க்டிலா என்கிற ஊரைப் பிடித்த படை. பின்வாங்கிய நாட்களில் அதன் சின்னம் மின்னல் கீற்று, பூனை அப்புறம்தான் வந்தது. ஆகவே உங்கள் படத்தில் இருப்பது பூனைதான் என்று உறுதியானால், அவர் இம்பால், மெய்க்டிலா பக்கம் போயிருக்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். சிட்டாங்கில் இருந்தாரா என்பதைப் பூனை சொல்லாது.

பூனையா புலியா என்பதை நான் இங்கிருந்து தீர்மானிக்க முடியாததற்குக் காரணம் கண்ணாடி. அதைவிட, தொப்பிச் சின்னம் எனக்குத் தெரியவே இல்லை, காரணம் குங்குமம். நம் வீடுகளில் இது எப்போதும் நடப்பது: வெள்ளிக்கிழமைதோறும் நெற்றிக்குப் பொட்டு வைக்கிறோம், தொப்பி நெற்றி வரை இறங்கியிருந்தால் பொட்டு சரியாகத் தொப்பிச் சின்னத்தின் மேல் உட்காரும், வருஷக்கணக்கில் சந்தனமும் குங்குமமும் படிந்து அந்த ஒரு இடம் மட்டும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும். படையின் பெயர் அதற்கு அடியில் இருக்கிறது!

பொட்டு கண்ணாடியின் வெளிப்பக்கம்தான் இருக்கும், அதனால் பயமில்லை. துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அந்த இடத்தை மட்டும் துடையுங்கள். தண்ணீரைக் கண்ணாடியின் மேல் நேரடியாக ஊற்றக் கூடாது, அது விளிம்பு வழியாக உள்ளே இறங்கி படத்தைக் கெடுத்துவிடும். அப்புறம் பின் அட்டையை நிதானமாகக் கழற்றிப் பாருங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், பிய்க்க வேண்டாம், பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டவில்லை என்றால் எடுத்து ஸ்கேன் செய்யுங்கள், 1200 டிபிஐ வையுங்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். ஒட்டியிருந்தால் சட்டத்தோடு ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கையிலும் தோளிலும் தொப்பியிலும் நெருக்கமாகத் தனித்தனிப் படம் எடுங்கள்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: ஏ.ஐ. வைத்துத் தெளிவாக்கும் செயலிகளில் படத்தைப் போட்டு அதை எனக்கு அனுப்பாதீர்கள். மங்கலான சின்னத்தைப் பார்த்ததும் அந்தச் செயலி தானாக ஒரு சின்னத்தை வரைந்துவிடும், எழுத்துகள்கூட எழுதிவிடும், பார்க்க அருமையாக இருக்கும், எல்லாம் கற்பனை. வண்ணம் ஏற்றுவதும் அப்படித்தான். அந்தக் கால ஸ்டுடியோக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை, தூரிகையால் சட்டைக்கு நீலமும் பட்டைக்குத் தங்கமும் பூசிக் கொடுப்பார்கள். கையால் வண்ணம் தீட்டிய படத்தில் நிறத்தை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. கறுப்பு வெள்ளையிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமும் கண்ணாடித் தகடும் சிவப்பை உணராது, அதனால் சிவப்பு கோட்டு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போய் விழும். 1900 வாக்கில் எடுத்த படத்தில் முப்பாட்டன் கறுப்பு கோட்டு போட்டிருந்தால் அது ரத்தச் சிவப்பாகவும் இருந்திருக்கலாம். உங்கள் படத்தில் காக்கியா, காட்டுப் பச்சையா என்று கேட்டால் இரண்டும் ஒரே சாம்பல்தான்.

தொப்பிக்கு அடுத்தது தோள். தோள்பட்டை மடிப்பின் வெளிநுனியில் வளைந்த பித்தளைத் துண்டு ஒன்றோ, எழுத்து தைத்த துணியோ இருக்கும். அதில்தான் படையின் சுருக்கெழுத்து வரும். உங்கள் படத்தில் இடது தோளில் ஏதோ மினுங்குகிறது, எழுத்து தெரியவில்லை. பெங்களூர் முத்திரையைப் பார்த்ததும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லிவிடத்தான் எனக்கும் ஆசை. 1780இல் தொடங்கிய படை, தலைமையகம் பெங்களூர், ராணுவம் முழுக்க இவர்களுக்குத் தம்பி என்றே பெயர், பாலம் கட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் இவர்கள் வேலை. காலாட்படையை எடுத்துக்கொண்டால் பழைய மெட்ராஸ் ரெஜிமென்ட்டை, தெற்கத்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்கிற ஆங்கிலேயரின் அசட்டுக் கொள்கையால், 1920களின் கடைசிக்குள் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் போர் நெருக்கிய பிறகு 1941, 1942 வாக்கில் அதே தெற்கத்தியர்களைத் தேடி வந்து மறுபடி தொடங்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஒரு தமிழர் சீருடையில் நின்றால் சாப்பராக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் தாத்தா போர்க்காலத்து ஆள். அப்போது சப்ளை, டிரைவர், பயனியர் (பாதை போடுவது மாதிரியான உடலுழைப்பு வேலை), சிக்னல், ஆஸ்பத்திரி, ஒர்க்‌ஷாப் என்று எல்லாவற்றிலும் தமிழர்கள் இருந்தார்கள், பெங்களூர் பல படைகளுக்குப் பயிற்சி ஊர், லீவுக்கு வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் ஊரும்கூட. ஸ்டுடியோ முத்திரை அவர் எங்கே நின்றார் என்பதைச் சொல்கிறது, எங்கே வேலை பார்த்தார் என்பதை இல்லை. லாரி ஓட்டினார் என்று தெரியவந்தால் பையன் ஏமாந்துபோக வேண்டாம். இம்பாலில் லாரி ஓட்டுவது என்ன வேலை என்று அந்த மலைப்பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதே மாதிரி கேள்விகள் நிறைய வருவதால் மற்றவர்களுக்கும் சேர்த்து நாலு வார்த்தை. பித்தளைப் பொத்தான் போட்டவரெல்லாம் பட்டாளத்துக்காரர் இல்லை. குறுக்கே பட்டை போட்டு நடுவில் பித்தளை வில்லை என்றால் அது கலெக்டர் ஆபீஸ் டவாலிச் சேவகர். நெஞ்சு முழுக்க ஜரிகைக் கயிறு, தோளில் குஞ்சம் என்று ஜெனரல் மாதிரி ஒருவர் நின்றால் கல்யாண பேண்டு வாத்தியக்காரரா என்று முதலில் விசாரியுங்கள். போலீஸ், ரயில்வே, வனக்காவல், 1942இல் மெட்ராஸில் விசில் ஊதிக்கொண்டு விளக்கை அணைக்கச் சொன்ன ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் தற்காப்பு) வார்டன், எல்லாரும் காக்கிதான். மெடல் எப்போதும் இடது மார்பில் இருக்கும். வலது மார்பில் இருந்தால் படத்தைத் திருப்பிப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் அது அவருடைய மெடலே இல்லை, அப்பாவுடையது. சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் மூடுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் தனி ரகம். அங்கே சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இந்தியச் சீருடைப் பட்டியலை வைத்து அவர்களைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நானே பல வருஷத்துக்கு முன் ஒரு காரைக்கால் குடும்பத்திடம், சட்டையில் நங்கூரம் இருப்பதைப் பார்த்துவிட்டு, உங்கள் தாத்தா கப்பற்படை என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பிரெஞ்சுக் காலனிப் படைகளுக்கு, தரையில் நடக்கிற காலாட்படைக்கும்கூட, நங்கூரம்தான் சின்னம் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவர்கள் படத்தைக் கப்பல் படம் போட்ட சட்டத்தில் மாட்டிவிட்டார்கள். மலேயாவிலிருந்து வந்த குடும்பங்கள் 1943க்குப் பிந்தைய படம் வைத்திருந்தால் நேதாஜி படையையும் யோசிக்க வேண்டும், பெண்கள் காக்கிச் சட்டையும் தொப்பியுமாக நின்றால் ஜான்சி ராணி ரெஜிமென்ட்டாக இருக்கலாம். காக்கிப் புடவையில் இருந்தால் 1942இல் இங்கே தொடங்கிய பெண்கள் துணைப்படையை நினையுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் அடியில் விரித்திருக்கும் காகிதம் வரைக்கும் பாருங்கள்: டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், மணியார்டர் துண்டு. மெடல் இருந்தால் வட்ட மெடலின் விளிம்பையும் நட்சத்திர மெடலின் முதுகையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண், பதவி, பெயர், படை பொறித்தவை உண்டு. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து தேய்ந்துவிடும். படை எது என்று தெரிந்தால் அந்தந்த ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம்: சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன், சிக்னல் என்றால் ஜபல்பூர், ஒர்க்‌ஷாப் படை என்றால் செகந்திராபாத், மருத்துவப் படை என்றால் லக்னோ. வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் எப்படி எழுத வேண்டும் என்று சொல்வார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேட வேண்டாம், அது போர்க் காலத்தில் இறந்தவர்களுக்கானது, உங்கள் தாத்தா 1971 வரை இருந்தவர்.

எங்கே எழுதினாலும் முதலில் கேட்கப்போவது பட்டாள எண். பெயரை மட்டும் சொன்னால் அவர்களால் தேட முடியாது, ஒரே பெயரில் எத்தனை முனுசாமிகள் இருந்திருப்பார்கள். அதனால்தான் அந்தப் பென்சில் கணக்கு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று இலக்கமாக இருந்தால் ஸ்டுடியோக்காரர் பிரிண்ட் ஆர்டருக்குப் போட்ட எண், விட்டுவிடலாம். கூட்டல் கழித்தல் இருந்தால் மளிகைக் கணக்கு. கூட்டல் கோடு எதுவும் இல்லாமல் ஐந்து ஆறு இலக்கம் ஒரே வரிசையில் வந்து, முன்னால் ஒரு ஆங்கில எழுத்தும் இருந்தால் அதை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையைக் கழற்றியதும் முதலில் அதை அனுப்புங்கள், பூனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.